தை பிறந்த வேளையில் மறைந்த தலைவர்



லயத்தில் ஒரு சாவு விழுந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த வீட்டில் அடுப்பு எரியாது. பக்கத்து வீட்டு அம்மா கஞ்சி காய்ச்சிக் கொண்டுவருவார். நேற்று வரைக்கும் வேலித் தகராறில் முகம் பார்க்காதவர்கூட துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து வாசலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் போவார். ஒரு வீட்டுச் சாவு என்பது அந்த லயத்துக்கே சாவு.

நாட்டுக்கே அப்படி ஒரு சாவு விழுந்தது 1976ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் தேதி, புதன்கிழமை. நமக்கோ அது பொங்கல் சமயம். லயத்து வாசல்களில் கோலம் போட்டு, கரும்பு வாங்கி வைத்து, புதுப் பானைக்கு மஞ்சள் கொத்துக் கட்டிக்கொண்டிருந்த நேரம். அந்த நேரத்தில்தான், நம் நாட்டின் இரண்டாவது பிரதமர் துன் அப்துல் ரசாக் உசேன் லண்டனில் காலமாகிவிட்டார் என்ற செய்தி வந்தது.

அப்போது நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிக்கிற பையன். வானொலிப் பெட்டி இருந்த வீட்டு வாசலில் பெரியவர்கள் கூடி நின்றது நினைவிருக்கிறது. யாரும் அதிகம் பேசவில்லை. அவருக்கு என்ன வயசு என்று ஒருவர் கேட்டார். 53தான் என்றதும் இன்னொருவர் உச்சுக் கொட்டினார். என்ன வியாதி என்று கேட்டதற்கு யாருக்கும் பதில் தெரியவில்லை. ஏனென்றால் அந்த வியாதி நாட்டுக்கே தெரியாமல் மறைத்து வைக்கப்பட்டிருந்தது.

மறுநாள், பொங்கலுக்கு விடுப்பு எடுத்தவர் போக மற்றவர்கள் பெரட்டுக்கு வந்தார்கள். பேர் கொடுத்துவிட்டு வாளியைத் தூக்கினார்கள். பாலும் எடுத்தார்கள். ஆனால் அன்றைக்கு காட்டுக்குள் பாட்டுச் சத்தம் கேட்கவில்லை. மத்தியானம் தமிழ்ப் பத்திரிகை வந்ததும், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒருவர் வாசிக்க, பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள்.

யார் அந்த மனிதர்? அவருக்காக நாம் ஏன் துக்கப்பட்டோம்? அவரால் நமக்குக் கிடைத்தது என்ன, கிடைக்காமல் போனது என்ன? இந்த வாரம் அதைப் பார்ப்போம்.

பெக்கான் கம்பத்துப் பிள்ளை

பகாங் மாநிலத்தில் பெக்கான் என்று ஒரு பழைய அரச நகரம் இருக்கிறது. அதன் பக்கத்தில் பூலாவ் கெலாடி என்று ஒரு சின்னக் கம்பம். அங்கேதான் 1922ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் தேதி ரசாக் பிறந்தார். தகப்பனார் டத்தோ உசேன் பகாங் அரசவையில் பட்டம் பெற்ற பெரியவர். பட்டம் பெரிதாக இருந்தாலும் பிள்ளை வளர்ந்தது அரண்மனையில் இல்லை, கம்பத்தில். வயலும் ஆறும் பள்ளிவாசலும்தான் அவருக்குத் தெரிந்த உலகம். கம்பத்து ஏழையின் வீட்டில் மழை எந்தப் பக்கம் ஒழுகும் என்று பிற்காலத்தில் அவருக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் தேவைப்படவில்லை என்றால், காரணம் இதுதான்.

படிப்பில் கெட்டிக்காரர். கோலகங்சார் மலாய்க் கல்லூரியில் படித்தார். 1940இல் சிங்கப்பூர் ராபிள்ஸ் கல்லூரிக்குப் போனார். படிப்பு முடிவதற்குள் ஜப்பான்காரன் வந்துவிட்டான்.

ஜப்பான் காலம் என்றாலே நம் வீட்டுப் பெரியவர்களுக்கு சயாம் மரண ரயில் நினைவுக்கு வரும். தோட்டம் தோட்டமாக ஆள் பிடித்துக்கொண்டு போனார்களே, அந்தக் காலம். அதே காலத்தில் ரசாக் பகாங்கில் பகலில் அரசாங்க அலுவலராக இருந்துகொண்டு, மறைவில் ஜப்பானியருக்கு எதிராக இயங்கிய 'வத்தானியா' என்ற மலாய் எதிர்ப்புப் படையில் சேர்ந்திருந்தார். பிடிபட்டிருந்தால் தலை போயிருக்கும். ஒரு பெரிய விஷயத்தை நெஞ்சுக்குள் பூட்டி வைத்துக்கொண்டு, வெளியே முகத்தில் காட்டாமல் நடமாடும் பழக்கம் அவருக்கு இளம் வயதிலேயே வந்துவிட்டது. கடைசி வரைக்கும் அது அவரை விடவில்லை.

லண்டனில் சேர்ந்த நட்பு

போர் முடிந்தது. 1947இல் சட்டம் படிக்க லண்டனுக்குப் போனார். அங்கேதான் துங்கு அப்துல் ரஹ்மானோடு நெருக்கம் ஏற்பட்டது. துங்கு கெடா இளவரசர். ரசாக்கைவிட 19 வயது மூத்தவர். சிரித்துப் பேசி நாலு பேரைக் கூட்டி வைத்துக்கொள்ளுகிற சுபாவம். ரசாக் அதற்கு நேர் எதிர். பேச்சு குறைவு, வேலை அதிகம். லண்டனில் இருந்த மலாய் மாணவர் சங்கத்தில் துங்கு தலைவர், ரசாக் செயலாளர். அங்கே அமைந்த அந்த ஜோடி பிறகு நாட்டுக்கே அமைந்துவிட்டது.

1950இல் வழக்கறிஞராகத் தேறி ஊர் திரும்பினார். மறு வருஷம் அம்னோ கட்சிக்குத் துங்கு தலைவரானபோது ரசாக் துணைத் தலைவரானார். வயது 29தான். 1952இல் ஜொகூரைச் சேர்ந்த முகமட் நோவா ஓமார் அவர்களின் மகள் ரஹாவைத் திருமணம் செய்துகொண்டார். ரஹாவின் சகோதரி சுகைலாவை மணந்தவர் உசேன் ஓன். ஆக, ரசாக்கும் உசேன் ஓனும் சகலைகள். இந்த உறவை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், கதையின் கடைசியில் தேவைப்படும்.

1955இல் பகாங் மந்திரி புசார். அதே வருஷம் ஜூலையில் நடந்த முதல் பொதுத் தேர்தலில் 52 இடங்களில் 51 இடங்களைக் கூட்டணி வென்றது. துங்கு முதலமைச்சரானார். ரசாக்குக் கல்வி இலாகா கிடைத்தது. நம்முடைய கதையும் அவருடைய கதையும் முதன்முதலில் சந்தித்துக்கொண்ட இடம் அதுதான்.

நம் பள்ளிக்கூடமும் ரசாக் அறிக்கையும்

அந்தக் காலத்துத் தோட்டத்துப் பள்ளிக்கூடம் எப்படி இருந்தது? தொழிலாளர் சட்டம் சொல்லுகிறதே என்று தோட்ட நிர்வாகம் ஒரு கொட்டகையைப் போட்டுவிடும். ஆயக்கொட்டகைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வித்தியாசம் தெரியாது. ஒரே வாத்தியார் எல்லா வகுப்புக்கும் பாடம் சொல்லுவார். பிள்ளைக்குக் கத்தி பிடிக்கிற வயசு வந்ததும் படிப்பு முடிந்துவிடும். அதற்கு மேலே போக ஏணி கிடையாது.

1956இல் ரசாக் தலைமையில் அமைந்த குழு ஒரு கல்வி அறிக்கை வெளியிட்டது. ரசாக் அறிக்கை என்றே அதற்குப் பெயர். பள்ளிக்கூடம் எந்த மொழியில் நடந்தாலும் பாடத்திட்டம் எல்லாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும், மலாய் மொழி எல்லாருக்கும் கட்டாயப் பாடம் என்று அது சொன்னது. அதோடு தமிழ், சீனத் தொடக்கப் பள்ளிகளும் நாட்டின் கல்வி முறைக்குள்ளேயே இருக்கலாம் என்றும் சொன்னது.

இதை இரண்டு விதமாகப் பேசுவார்கள். எல்லாப் பள்ளியையும் கடைசியில் மலாய் மொழிக்கே கொண்டுபோவதுதான் அந்த அறிக்கையின் இறுதிக் குறிக்கோள் என்று கோபப்பட்டவர்கள் உண்டு. அந்தப் பயம் ஆதாரமில்லாதது அல்ல, அறிக்கையில் அந்தக் குறிக்கோள் எழுதப்பட்டுத்தான் இருந்தது. ஆனால் நாட்டின் கணக்கில் தமிழ்ப் பள்ளிக்கு ஓர் இடம் கிடைத்ததும் அதனால்தான். தோட்ட முதலாளியின் தயவில் இருந்த கொட்டகைப் பள்ளி, அரசாங்கம் பொறுப்பேற்க வேண்டிய பள்ளியாக மாறத் தொடங்கியது. இன்றைக்கும் நம் பிள்ளைகள் தமிழில் அ, ஆ எழுதிப் பழகிவிட்டு இடைநிலைப் பள்ளிக்குப் போகிறார்களே, அந்தப் பாதையின் தொடக்கத்தில் ரசாக்கின் கையெழுத்தும் இருக்கிறது.

சிவப்புப் புத்தகம்

1957 ஆகஸ்டு 31இல் நாடு சுதந்திரம் அடைந்தது. துங்கு பிரதமர், ரசாக் துணைப் பிரதமர். 1959இல் தேர்தல் வேலைக்காகத் துங்கு சில மாதம் பதவி விலகியபோது ரசாக்தான் பிரதமர் பொறுப்பைப் பார்த்தார். தேர்தல் முடிந்ததும் துங்குவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, பழைய இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். உட்கார்ந்த நாற்காலியை விட மனசு வராதவர்களைப் பார்த்துப் பழகிவிட்ட நமக்கு இது அதிசயமாகத் தெரியும்.

அந்தத் தேர்தலுக்குப் பிறகு கிராம மேம்பாட்டு இலாகாவை எடுத்துக்கொண்டார். அவருடைய உயிர் அதில்தான் இருந்தது. மாவட்டத்துக்கு மாவட்டம் ஒரு பெரிய புத்தகம் தயாரிக்கச் சொன்னார். சிவப்பு அட்டை போட்டதால் அதற்குச் சிவப்புப் புத்தகம் என்று பேர். இந்தக் கம்பத்துக்குச் சடக்கு வேண்டுமா, தண்ணீர்க் குழாய் வேண்டுமா, பாலம் வேண்டுமா, பள்ளிக்கூடம் வேண்டுமா, எல்லாம் அதில் வரைபடத்தோடு குறித்திருக்க வேண்டும். மாவட்டம், மாநிலம், தலைநகர் என்று மூன்று இடத்திலும் நடவடிக்கை அறைகள் திறக்கப்பட்டன. கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட்ட அவசரகாலத்தில் ராணுவம் வரைபடத்தை மாட்டி வைத்துப் பார்த்த மாதிரி, இவர் வறுமையோடு சண்டை போட வரைபடத்தை மாட்டினார்.

மாட்டிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. காரிலும் ஹெலிகாப்டரிலும் நாடு முழுக்கச் சுற்றினார். போன இடத்தில் புத்தகத்தைத் திறக்கச் சொல்வார். போன தடவை சொன்ன பாலம் எங்கே என்று கேட்பார். இதோ ஆகிவிடும் என்று மழுப்புகிற அதிகாரிக்கு அவர் முன்னால் நிற்பது சங்கடம். நம் தோட்டத்துப் பாஷையில் சொன்னால், பெரிய கிராணி மாதிரி அறைக்குள் கணக்குப் பார்க்காமல், நிரை நிரையாக இறங்கிப் பால் வாளியை எட்டிப் பார்க்கிற ஆள்.

1956இல் தொடங்கிய பெல்டா நிலத் திட்டம் இவர் கையில்தான் பெரிதாக வளர்ந்தது. காட்டைத் திருத்தி, ரப்பரும் பிறகு செம்பனையும் நட்டு, நிலமில்லாத குடும்பத்துக்கு ஏறத்தாழ 10 ஏக்கர் என்று கொடுத்தார்கள். குடியேறியவர் உழைத்துக் கடனைக் கட்ட வேண்டும், பிறகு நிலம் அவருடையது. பகாங்கில் ஜெங்கா வட்டாரத்தில் காடாகக் கிடந்த பெரும் நிலப்பரப்பு இப்படித்தான் ஊராக மாறியது. 1967இல் மக்சாய்சாய் விருது அவருக்குக் கிடைத்தது சமூகத் தலைமைக்காகத்தான்.

புத்தகத்தில் விட்டுப்போன பக்கம்

இந்த இடத்தில் ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். துக்க வீட்டில் குறை பேசக்கூடாது என்பார்கள். ஆனால் இத்தனை வருஷம் கழித்தும் பேசாமலிருந்தால் அது மரியாதை இல்லை, மறதி.

சிவப்புப் புத்தகத்தில் கம்பங்கள் இருந்தன. தோட்டங்கள் இல்லை. ஏன் தெரியுமா? தோட்டம் தனியார் சொத்து. அதற்குள்ளே சடக்குப் போடுவதும் தண்ணீர் கொடுப்பதும் விளக்குப் போடுவதும் முதலாளியின் வேலை என்று அரசாங்கம் ஒதுங்கிக்கொண்டது. முதலாளியோ லாபம் வருகிற இடத்தில்தான் காசைப் போடுவான். அரசாங்கத்து மின்கம்பி தோட்டத்துக் கேட்டு வரைக்கும் வந்து நின்றுவிடும். கேட்டுக்கு அந்தப் பக்கம் மின்விளக்கு, இந்தப் பக்கம் மண்ணெண்ணெய் விளக்கு. இப்படி வளர்ந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்!

நிலக் கதையும் அப்படித்தான். பெல்டா நிலத்தில் குடியேறியவர்களில் மிகப் பெரும்பாலோர் மலாய்க்காரக் கம்பத்து மக்கள். ரப்பர் மரத்தைத் தலைமுறை தலைமுறையாகச் சீவத் தெரிந்த நம்மவர்களுக்கு அதில் கிடைத்த பங்கு சொற்பம். அதே காலத்தில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்ப, வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி விற்றார்கள். வேலையும் போய் வீடும் போய் நின்றவர்கள் நம் ஜனங்கள். அதைப் பார்த்துத்தான் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகப் போய் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்தார். அந்தப் பணத்தில் தோட்டங்களையே வாங்கினார். சிவப்புப் புத்தகத்தில் விட்டுப்போன பக்கத்தை, தொழிலாளி தன் சொந்தக் காசில் எழுதிக்கொண்டான் என்றுதான் சொல்ல வேண்டும்.

சிவப்பு என்றதும் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. 1969இல் குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் வாங்க வேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது. சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்த நம்மவர்கள் பலர் பெர்மிட் கிடைக்காமல், பிறந்து வளர்ந்த பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கப்பலேறினார்கள். அப்படித் தமிழ்நாட்டுக்குப் போனவர்கள் பல்லாயிரம் பேர். துறைமுகத்தில் அழுத அழுகை இன்னும் சில காதுகளில் கேட்டுக்கொண்டிருக்கும். அந்த வருஷம் நாட்டின் பொறுப்பு ரசாக் கையில்தான் இருந்தது.

நோயும் நாட்டுப் பொறுப்பும் சேர்ந்து வந்த வருஷம்

1969 மே 13. கோலாலம்பூரில் இனக் கலவரம் வெடித்தது. ரத்தம் ஓடியது. நாடாளுமன்றம் நிறுத்தப்பட்டது. தேசிய நடவடிக்கை மன்றம் என்று ஒன்றை அமைத்து, அதன் இயக்குநராக ரசாக்கை உட்கார வைத்தார்கள். நாடு இரண்டாகப் பிளந்துவிடுமோ என்று எல்லாரும் நடுங்கிக்கொண்டிருந்த வேளை.

அதே 1969இல்தான் வைத்தியர்கள் அவருடைய ரத்தத்தைச் சோதித்துப் பார்த்து, ரத்தப் புற்றுநோய் என்று கண்டுபிடித்தார்கள். வயது 47. முன்னால் அதிக வருஷம் இல்லை என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. வெளியே சொன்னால் என்ன ஆகும்? ஏற்கெனவே பதறிப்போயிருக்கிற நாடு இன்னும் பதறும். பதவிக்குப் போட்டி கிளம்பும். ஆகவே வாயைத் திறக்கவில்லை. வைத்தியர்களுக்கும் மிக நெருங்கிய ஓரிருவருக்கும் மட்டுமே தெரியும். மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. வைத்தியர் ரகசியமாக வந்து பார்த்துவிட்டுப் போவார்.

1970 செப்டம்பர் 22இல் துங்கு ஓய்வு பெற, ரசாக் பிரதமரானார். துணைப் பிரதமராகத் தோள் கொடுக்க வந்தவர் துன் டாக்டர் இஸ்மாயில். அவரும் உடம்பு முடியாதவர்தான். ஓய்வெடுக்க நினைத்தவர், ரசாக்கின் வியாதி தெரிந்ததால் இவரைத் தனியே விட்டுப் போக மனசில்லாமல் இருந்துவிட்டார். ஒரு வண்டியை இரண்டு நோயாளிகள் இழுத்தார்கள். வண்டியில் உட்கார்ந்திருந்த நமக்கு அது தெரியாது.

1973 ஆகஸ்டு 2ஆம் தேதி இஸ்மாயில் மாரடைப்பால் திடீரென்று காலமானார். ரசாக் அப்போது காமன்வெல்த் மாநாட்டுக்காகக் கனடாவில் இருந்தார். ஓடி வந்து நண்பனை மண்ணில் வைத்தார். கோலாலம்பூர் தேசியப் பள்ளிவாசல் வளாகத்தில் இருக்கும் மாவீரர் நினைவிடத்தில் முதலில் அடக்கமானவர் இஸ்மாயில்தான். அடுத்து அங்கே வரப்போவது யார் என்பது அன்று அந்தக் கூட்டத்தில் நின்ற ஒரு மனிதருக்கு மட்டும் ஓரளவு தெரிந்திருக்கும்.

அவசரமாக உழைத்த ஐந்து வருஷம்

பிரதமராக இருந்த ஐந்து வருஷம் சொச்சத்தில் அவர் செய்ததைக் கணக்குப் பார்த்தால், நேரம் குறைவு என்று தெரிந்த மனிதரின் அவசரம் புரியும். 1971இல் புதிய பொருளாதாரக் கொள்கை. இனம் பார்க்காமல் வறுமையை ஒழிப்பது அதன் ஒரு கால், இனத்துக்கு ஒரு தொழில் என்ற நிலையை மாற்றுவது மறு கால். முதல் கால் தோட்டத்துக்குள் எவ்வளவு தூரம் நடந்து வந்தது என்று உங்கள் லயத்தைப் பார்த்து நீங்களே சொல்லிக்கொள்ளலாம். 1974 மே மாதம் சீனாவுக்குப் போய் அந்த நாட்டோடு உறவு ஏற்படுத்தினார். ஆசியான் நாடுகளில் அதை முதலில் செய்தது மலேசியாதான். அதே வருஷம் பல கட்சிகளைச் சேர்த்துத் தேசிய முன்னணியை உருவாக்கினார், பெட்ரோனாஸ் நிறுவப்பட்டது, ஆகஸ்டில் தேர்தலிலும் பெரிய வெற்றி.

எல்லாமே நல்லபடி நடந்தது என்று சொல்ல முடியாது. அதே 1974 கடைசியில் ரப்பர் விலை விழுந்தது, சாமான் விலை ஏறியது. கெடா பாலிங் வட்டாரத்தில் சிறுதோட்டக்காரர்கள் பசி தாங்காமல் ஆயிரக்கணக்கில் தெருவுக்கு வந்தார்கள். அவர்களுக்காகக் கோலாலம்பூரில் கூடிய மாணவர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கைதானார்கள். கிராமத்துக்காகவே வாழ்ந்த மனிதரின் ஆட்சியில் கிராமத்தான் பசி என்று கத்தியது அவரை எவ்வளவு வருத்தியிருக்கும்! ரப்பர் விலை விழுந்தால் யார் வயிறு முதலில் காயும் என்று நமக்கா தெரியாது?

சொந்த வாழ்க்கையில் கறாரான ஆள். ஐந்து ஆண் பிள்ளைகள். வீட்டில் ஒரு நீச்சல் குளம் கட்டித் தரச் சொல்லிப் பிள்ளைகள் கேட்டார்களாம். அது அரசாங்க வீடு, மக்கள் பணம், ஜனங்கள் என்ன நினைப்பார்கள் என்று மறுத்துவிட்டார். பிள்ளைகளே பிற்காலத்தில் சொன்ன விஷயம் இது.

கடைசிப் பயணமும் நாட்டின் துக்கமும்

1975இல் அவர் மெலிந்துகொண்டே வந்தார். படத்தில் பார்த்தவர்களுக்கே தெரிந்தது. கழுத்துச் சட்டை தொளதொளவென்று இருந்தது. அதிக வேலை, ஓய்வில்லை என்று ஜனங்கள் தங்களுக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டார்கள். டிசம்பரில் ஓய்வுக்காக ஐரோப்பா போகிறார் என்றார்கள். பிறகு லண்டனில் சிகிச்சை என்றார்கள். ஜனவரி 14இல் எல்லாம் முடிந்துவிட்டது.

ஆறு வருஷமாக அவரைத் தின்றுகொண்டிருந்த நோயின் பெயரை நாடு அப்போதுதான் தெரிந்துகொண்டது. அவருக்கு அது திடீர்ச் சாவு இல்லை. நமக்குத்தான் திடீர்ச் சாவு.

மறுநாளே, ஜனவரி 15இல், அவருடைய சகலை உசேன் ஓன் பிரதமர் பொறுப்பை ஏற்றார். பல வருஷம் முன்பு கட்சியைவிட்டு விலகிப் போயிருந்த உசேன் ஓனை 1968இல் திரும்பக் கூட்டிவந்தவர் ரசாக்தான். இஸ்மாயிலுக்குப் பிறகு துணைப் பிரதமராக்கியவரும் அவர்தான். வீட்டில் பெரியவர் கண்மூடுவதற்கு முன் சாவிக்கொத்தை யாரிடம் கொடுப்பது என்று யோசித்து வைத்த மாதிரி அது நடந்தது.

விமானத்தில் அவர் உடல் வந்து இறங்கியது. கொடிகள் அரைக்கம்பத்தில் பறந்தன. கோலாலம்பூரில் மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்று பார்க்காமல் ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒருவரை ஒருவர் பார்த்துப் பயந்து கதவைச் சாத்திக்கொண்ட அதே பட்டணத்தில்! மாவீரர் நினைவிடத்தில் நண்பர் இஸ்மாயில் இருக்கும் இடத்திலேயே அவரையும் வைத்தார்கள். மேம்பாட்டுத் தந்தை என்று நாடு அவருக்குப் பெயர் சூட்டியது. அடுத்த மாதம் பாலியில் நடந்த முதல் ஆசியான் உச்சநிலை மாநாட்டில், அதற்காகப் பாடுபட்ட அவர் இல்லை. உசேன் ஓன் போனார்.

தோட்டங்களில் என்ன நடந்தது? நாம் வழக்கமாகச் செய்வதைத்தான் செய்தோம். அவர் நமக்கு எல்லாம் கொடுத்தவர் இல்லை. பெர்மிட் கதையில் பிரிந்துபோன சொந்தத்தை நினைத்து மனசு கசந்தவர்களும் அந்தப் பெரட்டில் நின்றார்கள். ஆனாலும் தலையைக் குனிந்து நின்றார்கள். சாவு வீட்டுக்குப் போகும்போது பழைய கணக்கை வாசலில் வைத்துவிட்டுப் போகிறவர்கள் நாம். எதிர்ப்பக்கத்து வீட்டுப் பெரியவர் செத்தால் நாம் பொங்கல் பானையைத் தள்ளி வைப்போம் இல்லையா, அந்த நாகரிகம்தான் அன்று லயத்தில் தெரிந்தது.

அவர் வாழ்க்கை நமக்குச் சொல்வது

இன்று தலைநகரில் ஜாலான் துன் ரசாக் என்ற பெரிய சாலை இருக்கிறது. பண்டார் துன் ரசாக் என்று ஒரு வட்டாரமே இருக்கிறது. தோட்டத்தைவிட்டுப் பட்டணம் வந்த நம் பிள்ளைகள் தினமும் அந்தச் சாலையில் வேலைக்குப் போகிறார்கள். பெயரைப் பார்க்கிறார்கள், மனிதரைத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டியது இரண்டு.

முதலாவது அந்தச் சிவப்புப் புத்தகம். கேட்காதவன் வீட்டுக்குக் குழாய் வராது. எழுதி வைக்காத குறை யார் கண்ணுக்கும் தெரியாது. நம் தோட்டத்துப் பக்கம் அந்தப் புத்தகத்தில் விட்டுப்போனது அவர் காலத்துக் குறை. இன்றைக்கும் நம் பள்ளிக்கூடத்துக்கு நிலம் யார் பேரில் இருக்கிறது, லயம் இடிந்தால் வீடு எங்கே, தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒரு தடவை வருகிறது என்று நாமே ஒரு புத்தகம் போட்டு எழுதி வைக்காவிட்டால் அது நம் குறை. ஒரு நோட்டுப் புத்தகம் போதும். தேதி போட்டு எழுதுங்கள். யாராவது ஓட்டுக் கேட்டு வரும்போது, போன தடவை சொன்னது எங்கே என்று அவர் கேட்ட மாதிரியே கேளுங்கள்.

இரண்டாவது அந்த மறைத்த நோய். நாடு பதறிவிடக் கூடாதே என்று அவர் மறைத்தார். அதற்கு அவருக்கு ஒரு காரணம் இருந்தது. நாம் எதற்காக மறைக்கிறோம்? ஒரு நாள் பேர் போய்விடுமே என்று காய்ச்சலோடு மரத்தடிக்குப் போகிறோம். நெஞ்சு வலியை வாயுக் கோளாறு என்று சொல்லிக்கொள்கிறோம். வீட்டுக்காரியிடம் சொன்னால் பயப்படுவாள் என்று சீனி வியாதியை ஒளித்து வைக்கிறோம். நாட்டைத் தாங்க ஓர் உசேன் ஓன் தயாராக இருந்தார். நம் வீட்டைத் தாங்க யார் தயாராக இருக்கிறார்? சொல்லிவிடுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பிள்ளைகளின் பிறப்புப் பத்திரமும் வங்கிப் புத்தகமும் சேமநிதிக் கணக்கும் எங்கே இருக்கிறது என்று வீட்டில் ஒருவருக்காவது தெரியட்டும்.

அடுத்த தடவை ஜாலான் துன் ரசாக்கில் பஸ் நெரிசலில் நிற்கும்போது, பக்கத்தில் நிற்கிற உங்கள் பிள்ளைக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். நல்லதையும் சொல்லுங்கள், விட்டுப்போனதையும் சொல்லுங்கள். பெரியவர்களுக்கு நாம் செய்கிற கடைசி மரியாதை அதுதான்.

அடுத்த வாரம் சந்திப்போம்.